நெஞ்சு வலித்த நாளில் தொடங்காத நோய்

பக்கத்து வீட்டு அண்ணைக்கு 54 வயது. பார்த்தால் ஒல்லியான ஆள். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் திருகோணமலைப் பிரட்ரிக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலுக்கு நடந்தே ஏறுவார். ஓட்டோவில் போகிறவர்களைப் பார்த்து நக்கலும் அடிப்பார். போன வருஷம் ஒரு நாள் பாதி வழியில், மான்கள் படுத்துக்கிடக்கும் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துவது போல இருந்ததாம். சேட்டெல்லாம் வேர்வை. "ஒண்டுமில்லை தம்பி, மத்தியானம் சாப்பிட்டது செமிக்கேல்லை, காஸ்ரிக்தான்" என்றார். ஐந்து நிமிஷத்தில் அழுத்தம் விட்டுவிட்டது. மெல்ல எழும்பி நடந்து, கும்பிட்டுவிட்டு வந்தோம். நானும் காஸ்ரிக் என்றுதான் நம்பினேன். நாலாம் நாள் விடியப்புறம் அவர் வீட்டு வாசலில் அம்புலன்ஸ் நின்றது.

ஆள் தப்பிவிட்டார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், வாட்டுக்கு வெளியே நின்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். "போன கிழமை மட்டும் நல்லாத்தானே இருந்தவர், எப்பிடித் திடீரெண்டு?"

அந்தத் "திடீரெண்டு" என்ற சொல்லைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். மாரடைப்பில் திடீரென்று நடப்பது கடைசிக் கட்டம் மட்டும். அதற்கு முன்னால் இருபது, முப்பது வருஷம் சத்தமில்லாமல் ஒரு வேலை நடந்திருக்கிறது. சாப்பாடு, எடை, நடை, புகை, நித்திரை எல்லாம் அந்த வேலைக்குள்தான் வருகின்றன.

குழாயின் சுவருக்குள்

இதயம் அவரவர் பொத்திய கை அளவு. நிமிஷத்துக்கு 70 தடவை என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை துடிக்கும். ஓய்வாக இருக்கும்போதே நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர் குருதியைத் தள்ளுகிறது. இவ்வளவு வேலை செய்யும் தசைக்கும் சாப்பாடு வேண்டுமே. தனக்குள்ளே நிறைந்திருக்கும் குருதியில் இருந்து அது நேரே எடுத்துக்கொள்வதில்லை. வெளிப்புறமாக, அரசர் தலையில் சூடும் முடியைப் போலச் சுற்றி ஓடும் சிறு நாடிகள்தான் அதற்கு ஊட்டுகின்றன. பள்ளிக்கூடத்தில் முடியுரு நாடி என்று படித்தது இதைத்தான். தொடக்கத்திலேயே அதன் உட்புறம் மூன்று நாலு மில்லிமீற்றர்தான்.

கொழுப்பு குழாயின் உள்ளே, கழிவுநீர்க் குழாயில் அழுக்குப் படிவது போலப் படிகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அது சுவருக்குள்ளே புகுந்து சேருகிறது. நாடியின் உட்புறத்தில் மெல்லிய ஒரு தோல் உண்டு. கூடிய அமுக்கம், புகையின் நஞ்சு, குருதியில் ஏறிய சீனி எல்லாம் அதை நாளாந்தம் உரசிப் புண்ணாக்கும். புண்பட்ட இடத்தால், நாங்கள் கெட்ட கொலஸ்ரோல் என்று சொல்லும் எல்டிஎல் துகள்கள் சுவருக்குள் நுழையும். அவற்றைத் துப்புரவாக்க உடம்பு வெள்ளை அணுக்களை அனுப்பும். அவை கொழுப்பை விழுங்கி, வீங்கி, அங்கேயே செத்துக் குவியும். மேலே ஒரு மூடி உருவாகும். வெளியே இருந்து பார்த்தால் சுவர் கொஞ்சம் தடித்திருப்பது மட்டும்தான் தெரியும்.

இது எப்போது தொடங்குகிறது? கொரியப் போரில் இறந்த அமெரிக்கப் படையினர் 300 பேரின் இதயங்களைச் சோதித்த மருத்துவர்கள் 1953 இல் அறிக்கை எழுதினார்கள். சராசரி வயது 22. முக்கால் பங்குக்கு மேற்பட்டோரின் முடியுரு நாடிகளில் இந்தத் தடிப்பு தொடங்கியிருந்தது. ஓடி விளையாடுகிற வயதுப் பிள்ளைகள்.

தடிப்பு கூடிக் குழாயின் இடைவெளி நூற்றுக்கு 70 வீதம் அளவுக்கு ஒடுங்கினால், ஏற்றத்தில் நடக்கும்போது இதயம் கேட்கும் குருதி போதாமல் போகும். நெஞ்சு இறுகும். நின்றால் தேவை குறையும், வலியும் விடும். மான்களுக்குப் பக்கத்தில் அண்ணைக்கு நடந்தது அதுதான். ஆனால் மாரடைப்புக்கு இவ்வளவு ஒடுங்க வேண்டும் என்றில்லை. பாதி கூட அடைபடாத ஒரு தடிப்பின் மூடி கிழிந்தாலே போதும். உடம்பு அதைக் காயம் என்று நினைத்து அந்த இடத்தில் குருதியை உறையவைக்கும். விரலில் வெட்டு விழுந்தால் உயிர் காக்கும் அதே உறைதல், மூன்று மில்லிமீற்றர்க் குழாய்க்குள் நடந்தால் வழியை அடைத்துவிடும். அந்தக் கடைசி நிமிஷங்களுக்குத்தான் "திடீர்" என்ற சொல் பொருந்தும். "போன மாசம் ஈசிஜி எடுத்தனான், நோமல் எண்டவங்கள்" என்று ஒருவர் சொல்லிவிட்டு அடுத்த மாதம் விழுந்தால், ஈசிஜி எடுத்தவர் பிழைவிட்டார் என்று அர்த்தமில்லை. கிழியாத மூடியை ஈசிஜி காட்டாது.

கூட்டல் இல்லை, பெருக்கல்

ஒரு காலத்தில் வயது போனால் பிரஷர் ஏறுவது இயல்பு, அதைத் தொடக்கூடாது என்று மருத்துவர்களே நினைத்தார்கள். அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் பிரமிங்ஹாம் என்ற சிறிய நகரில் 1948 இல் 5,209 பேரைத் தெரிந்தெடுத்து, யாருக்கு நோய் வருகிறது, அதற்கு முன் அவர்களிடம் என்ன வித்தியாசம் இருந்தது என்று ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். புகை, கூடிய பிரஷர், கூடிய கொலஸ்ரோல் ஆகியவை முன்கூட்டியே ஆபத்தைக் காட்டுகின்றன என்று அங்கிருந்துதான் தெளிவாகத் தெரிந்தது. ஆபத்துக் காரணி என்று இன்று கிளினிக்கில் சொல்வதும் 1961 இல் அந்த ஆய்வுக்காரர்கள் பரப்பிய சொல்தான். காரணி இருந்தால் நோய் நிச்சயம் என்று அர்த்தமில்லை. வாய்ப்புக் கூடும், அவ்வளவுதான். புகைத்துக்கொண்டே 85 வயது வரை இருந்த தாத்தா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவர் கூட்டாளிகளில் எத்தனை பேர் 60 தாண்டவில்லை என்று அவரிடம் கேட்க வேண்டும்.

காரணிகள் ஒன்றோடொன்று கூடுவதை விட, ஒன்றையொன்று பெருக்குகின்றன. கொஞ்சம் பிரஷர், கொஞ்சம் சீனி, கொஞ்சம் தொந்தி, நாளைக்கு நாலு சிகரெட் என்று ஒவ்வொன்றும் "கொஞ்சம்" உள்ளவர், ஒன்று மட்டும் மோசமாக உள்ளவரை விடக் கூடிய ஆபத்தில் இருக்கலாம். எங்களில் பலர் இந்தக் "கொஞ்சம்" கூட்டம்தான்.

2004 இல் வெளியான இன்ரஹார்ட் என்ற ஆய்வு 52 நாடுகளில், மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையுமாக ஏறத்தாழ முப்பதாயிரம் பேரை ஒப்பிட்டது. உலகெங்கும் முதல் மாரடைப்பின் ஆபத்தில் நூற்றுக்கு 90 வீதத்தை ஒன்பது விஷயங்கள் விளக்கிவிடுகின்றன என்று கண்டார்கள். புகையிலை, கொலஸ்ரோல், பிரஷர், நீரிழிவு, வயிற்றுக் கொழுப்பு, மன அழுத்தம், பழமும் மரக்கறியும் போதாமை, உடலசைவின்மை, மது. இதன் தெற்காசியப் பகுதியில் இலங்கையும் இருந்தது. தெற்காசியரில் பாதிப் பேருக்கு முதல் மாரடைப்பு 53 வயதுக்குள் வந்திருந்தது. மற்ற நாடுகளில் அந்த நடுவயது 59 க்குக் கிட்ட. எங்கள் இரத்தத்தில் ஏதோ சாபம் என்று சொல்ல ஆசையாக இருக்கும். ஆய்வு சொன்னது வேறு. இதே காரணிகள் எங்களுக்கு இளவயதிலேயே வந்துவிடுகின்றன. வயித்தைப் பார்த்தால் விளங்கும்.

சாரம் கட்டுமிடம் இடுப்பு அல்ல

அண்ணையின் உயரம் 1.68 மீற்றர், எடை 64 கிலோ. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 22.7 வரும். உடற்திணிவுச் சுட்டி என்று கிளினிக் அட்டையில் எழுதுவது இந்த எண்ணைத்தான். ஐரோப்பியருக்கு 25 தாண்டினால் எடை கூட என்பார்கள். எங்களைப் போன்ற ஆசியருக்கு 23 இலேயே எச்சரிக்கை தொடங்குகிறது. ஆக, அண்ணை கோட்டுக்கு உள்ளே. காற்சட்டை அளவு இருபது வருஷமாக 32 அங்குலம் என்று பெருமையாகச் சொல்வார். அளவு மாறாததற்குக் காரணம், தொந்தி முன்னுக்கு வரவர அவர் காற்சட்டையையும் சாரத்தையும் கீழே கீழே இறக்கிக் கட்டியதுதான்.

இடுப்பை அளக்கும் இடம் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே. மூச்சை விட்டுவிட்டு, வயிற்றை எக்காமல், தையல் நாடாவைச் சுற்றிப் பாருங்கள். எங்கள் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் எல்லை. அண்ணைக்கு 94. தராசு சொல்லாததை நாடா சொல்லிற்று.

தோலுக்கடியில், தொடையில் சேரும் கொழுப்பு நிலையான வைப்பு மாதிரி. போட்டால் சும்மா கிடக்கும். குடலையும் ஈரலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு நடைமுறைக் கணக்கு மாதிரி, எந்நேரமும் கொடுக்கல் வாங்கல். அதிலிருந்து கொழுப்பமிலங்கள் நேரே ஈரலுக்குப் போகின்றன. ஈரல் மற்றொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைட்டைக் கூடுதலாகச் செய்து குருதியில் விடும், சீனியை இறக்கச் சொல்லும் இன்சுலினின் பேச்சையும் சரியாகக் கேட்காது. சீனி ஏறும், பிரஷரும் ஏறும். இலங்கையில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதற்கும் இந்த வயிற்றுக்கும் நெருங்கிய சொந்தம் உண்டு. கை கால் மெலிந்து வயிறு மட்டும் பானையாக இருப்பவரை "மெல்லிய ஆள்" என்று சொல்லிப் பாராட்டுகிற எங்கள் பழக்கம்தான் எனக்கு எரிச்சல்.

நல்ல செய்தியும் உண்டு. குறைக்கத் தொடங்கினால் முதலில் கரைவதில் இந்த வயிற்றுக் கொழுப்புக்குப் பெரும் பங்கு உண்டு. எடை கூடியவர் தன் எடையில் நூற்றுக்கு 5 வீதம் இறக்கினாலே சீனியிலும் கொழுப்பிலும் மாற்றம் தெரியும். ஒரு கிலோ குறைந்தால் மேல் பிரஷர், அதாவது முதலில் சொல்லும் எண், ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும்.

தேங்காய்ச் சண்டை

சாப்பாடு என்றதும் எங்கள் ஊரில் முதலில் வரும் சண்டை தேங்காய். அண்ணை வைத்தியசாலையால் வந்த முதல் கிழமை வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் தேங்காய்ப்பூவைக் கண்ணாலும் பார்க்காதே என்றார்கள். மற்றப் பாதி, எங்கள் ஆச்சிமார் தேங்காய்ப்பாலிலேயே வாழ்ந்து தொண்ணூறைத் தொட்டவர்கள் என்றார்கள். இரண்டு பக்கமும் பாதி சரி.

தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு 80 வீதத்துக்கு மேல் நிரம்பிய கொழுப்பு, அதாவது எல்டிஎல்லை ஏற்றும் வகை. சோளம், சூரியகாந்தி போன்ற எண்ணெய்களுக்குப் பதில் அதைப் பாவித்தால் எல்டிஎல் கூடுகிறது. பல சோதனைகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம் இது. நல்ல கொலஸ்ரோலும் கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் அதனால் கணக்குச் சமப்படும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. நிரம்பிய கொழுப்பை மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அது நாளைக்கு 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயிலேயே 12 கிராம் போய்விடும்.

ஆச்சி கதைக்கு வருவோம். அவ கிணற்றில் தண்ணி அள்ளினா, அம்மியில் அரைத்தா, சந்தைக்கு நடந்து போனா. அவவுக்கு நாலு மணிக்கு றோல்ஸும் பற்றீஸும் இல்லை, இரவில் கொத்து ரொட்டியும் இல்லை. தேங்காய் அப்படியே இருக்க, சுற்றியிருந்த மற்றதெல்லாம் மாறிவிட்டது. அதோடு, ஐம்பதில் போன ஆச்சிமாரை நாங்கள் உதாரணம் காட்டுவதில்லை.

என் பக்கத் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். தேங்காயை விடச் சொன்னால் இந்த ஊரில் யாரும் விடமாட்டார்கள், விடத் தேவையும் இல்லை. ஒரு வேளைச் சாப்பாட்டில் ஒரு தேங்காய் வகை என்று வைத்துக்கொள்ளலாம். இடியப்பத்துக்குச் சொதி என்றால் அன்றைக்குச் சம்பல் வேண்டாம். சொதியைத் தலைப்பால் விடாமல் இரண்டாம் பாலில் வைத்து, தேசிக்காய்ப் புளி கொஞ்சம் தூக்கலாக விட்டால் ருசியில் பெரிய குறை தெரியாது. அக்கா மூன்று மாதம் இப்படித்தான் வைத்தா. அண்ணை கண்டுபிடிக்கவே இல்லை. தேநீர்க்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொரியல்கள்தான் உண்மையில் பயப்பட வேண்டியவை. ஒரே எண்ணெய் கறுக்கக் கறுக்கக் கொதிக்கிறது. அதைப் பற்றி யாரும் சண்டை பிடிப்பதில்லை.

தேங்காயைப் பற்றி இவ்வளவு கதைக்கும் நாங்கள் உப்பைப் பற்றி வாயே திறப்பதில்லை. நிலாவெளிப் பக்கம் உப்பளம் இருக்கிற ஊர், உப்புவெளி என்று பேரே உள்ள ஊர், உப்பை எப்படிக் குறை சொல்வது! உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை நாளைக்கு 5 கிராம், மட்டமாக ஒரு தேக்கரண்டி. கறிக்குப் போடுவது மட்டும் இதில் அடங்காது. பாண், கருவாடு, மாசி, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், நூடில்ஸ் பைக்கற்றுக்குள் இருக்கும் தூள் எல்லாவற்றிலும் உள்ள உப்பும் சேர்த்துத்தான். உப்புக் கூடினால் உடம்பு அதைக் கரைத்து வைக்கத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். குழாய்க்குள் ஓடும் குருதியின் அளவு கூடும், சுவரில் அமுக்கம் கூடும். பிரஷர் ஏறுவதை உடம்பு உணராது. தலையிடித்தால்தான் பிரஷர் என்று காத்திருப்பது பிழை.

கருவாட்டை நல்லாய்த் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் உப்பில் ஒரு பங்கு போகும். கறியில் உப்பைக் கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு சில கிழமைகளில் பழகிவிடும். ஒரேயடியாகக் குறைத்தால் வீட்டில் கலவரம். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொற்றாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. கந்தளாய்ப் பக்கத்திலும் அதற்கப்பாலும் சிறுநீரக நோயாளர் நிறையப் பேர் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது தேத்தண்ணி. அண்ணை துறைமுகப் பக்கம் வேலை. நாளைக்கு ஆறு பிளேன்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. ஒரு கரண்டி 5 கிராம் என்றால் 60 கிராம், சுளையாக 240 கலோரி. சேர்க்கும் சீனியின் மேல் எல்லை 50 கிராம், 25 க்குள் என்றால் இன்னும் நல்லது. அவர் ஒரு பிஸ்கட்டும் தொடாமலேயே எல்லையைத் தாண்டியிருந்தார். மென்பானப் போத்தல்களில் 2016 முதல் சிவப்பு, மஞ்சள், பச்சை நிற அடையாளம் வருகிறது. 2016 விதிப்படி 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. பிளேன்டிக் கோப்பைக்கு யாரும் நிறம் போடுவதில்லை.

சோறும் அப்படித்தான். தம்பலகாமத்து நெல்லைக் குறை சொல்லப் போவதில்லை. தட்டில் சோறு மலையாகவும் மரக்கறி அதன் அடிவாரத்தில் ஒரு பொட்டாகவும் இருப்பதுதான் பிரச்சினை. தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு என்று திருப்பிப் போட்டால் போதும், கலோரி எண்ண வேண்டியதில்லை. வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை எல்லாம் வீட்டு வேலியோரத்தில் கிடைக்கிறவை. தீட்டாத சிவப்பரிசி சீனியை மெதுவாக ஏற்றும். கடையில் கட்டித் தரும் மத்தியானப் பார்சல் இரண்டு பேருக்குப் போதுமானது என்று நான் வெகுகாலமாகச் சொல்லி வருகிறேன். ஒருவரும் கேட்பதில்லை.

மீனில் நாங்கள் அதிர்ஷ்டசாலிகள். இதயத்துக்கு நல்லது என்று சொல்லும் ஒமேகா-3 கொழுப்பு, கரைவலையில் அள்ளிவரும் சாளை, கீரி, கும்பளா, சூரை போன்ற கறுத்த சதை மீன்களில்தான் கூட. விலையும் அறக்குளாவை விடக் குறைவு. கிழமைக்கு இரண்டு தரம் குழம்பாகவோ அவியலாகவோ சாப்பிட்டால் போதும். பொரித்தால் மீனின் நன்மையில் எண்ணெய் குறுக்கே விழும்.

சாரதியும் நடத்துநரும்

உடலசைவுக்கு நான் எப்போதும் சொல்வது பஸ் கதைதான். ஜெரி மொரிஸ் என்ற மருத்துவர் லண்டனின் இரட்டைத்தட்டு பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து 1953 இல் முடிவை வெளியிட்டார். சாரதி நாள் முழுக்க இருப்பார். நடத்துநர் நாள் முழுக்கப் படியில் ஏறி இறங்குவார். ஒரே நிறுவனம், ஒரே மாதிரிச் சம்பளம், ஒரே மாதிரி வீடுகள். ஆனால் இதய நோய் நடத்துநர்களுக்குக் கணிசமாகக் குறைவு. அதற்குப் பிறகு வந்ததுதான் எனக்கு இன்னும் பிடித்த பகுதி. அவர்களுக்குக் கொடுத்த சீருடைகளின் இடுப்பளவைப் பார்த்தபோது, சாரதிகள் வேலைக்குச் சேரும்போதே கொஞ்சம் தொந்தியோடு இருந்தது தெரியவந்தது. அப்படியென்றால் வேலை உடம்பைக் கெடுத்ததா, உடம்புக்கு ஏற்ற வேலையை ஆட்கள் தெரிந்தார்களா? தன் முடிவையே இப்படிக் கேள்வி கேட்டவர் மொரிஸ். பின்னர் வேறு ஆய்வுகள் பலவற்றில் அசைவின் நன்மை தனியாகவே நின்று நிலைத்தது.

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அந்த பஸ்ஸில் முன்னால் இருப்பவரையும் பின்னால் நிற்பவரையும் அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.

தேவை கிழமைக்கு 150 நிமிஷ மிதமான அசைவு, அதாவது ஐந்து நாள் அரைமணி நேரம். மிதமானது என்றால், கூட வருபவரோடு கதைக்கலாம், தேவாரம் பாட முடியாது, அந்த வேகம். உட்துறைமுக வீதியோரமும் டச்சுபே கடற்கரையும் இதற்கென்றே செய்தது போல இருக்கின்றன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டும் வெயிலுக்கு முந்தி விடிய நடந்துவிடுங்கள். வியர்வைக் கணக்கோடு, நாள் முழுக்கக் கதிரையில் ஒட்டிக்கிடக்காமல் அடிக்கடி எழும்புவதும் முக்கியம். எடை குறையாவிட்டாலும் நடையால் பிரஷரும் சீனியும் இறங்கும். தராசு அசையவில்லை என்று கோபித்து நடையை விட்டவர்கள் எனக்குத் தெரிந்து நிறையப் பேர்.

புகையிலை பற்றி நீட்டத் தேவையில்லை. விட்டால் ஒரு வருஷத்தில் புகையால் கூடிய இதய ஆபத்தில் ஏறக்குறைய பாதி குறைகிறது. வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் இதே கணக்கில்தான் வரும். புகைக்காத எங்கள் அம்மாமார் பலர் இதில் தப்புவதில்லை. கொஞ்சம் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்ற பழைய கதையும் முடிந்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் சொல்லிவிட்டது.

மன அழுத்தம்தான் கஷ்டமான பகுதி. போரும் 2004 சுனாமியும் 2022 நெருக்கடியும் கண்ட ஊரில் "டென்ஷன் ஆகாதீங்கோ" என்று மருந்துச்சீட்டில் எழுதுவது பகிடி. அழுத்தம் நேரே பிரஷரை ஏற்றும், மறைமுகமாகச் சிகரெட்டையும் சாராயத்தையும் நித்திரையில்லாத இரவுகளையும் கொண்டுவரும். முதலாவதை நாங்கள் கட்டுப்படுத்த முடியாமல் இருக்கலாம். ஏழு மணி நேர நித்திரையை மீட்டெடுப்பது பலருக்கும் முடியும். இரவுக் கடலுக்குப் போகிறவர்கள் பகலில் அதை ஈடுசெய்ய வீட்டார் சத்தம் போடாமல் இருந்தாலே பெரிய உதவி.

எண்களும் குளிசையும்

35 வயது தாண்டினால் பிரஷர், சீனி, கொலஸ்ரோல், இடுப்பளவு நாலையும் அறிந்து வைத்திருங்கள். அரச வைத்தியசாலைகளோடு சேர்ந்த ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இதை இலவசமாகவே பார்க்கிறார்கள். பிரஷர் 120/80 க்குக் கீழே இருந்தால் நல்லது. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால் அது நோய். அப்பாவுக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன்னும், அம்மாவுக்கோ சகோதரிக்கோ 65 க்கு முன்னும் மாரடைப்பு வந்திருந்தால் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

குளிசை எழுதித் தந்தால், சாப்பாட்டுக் கட்டுப்பாடு தோற்றுவிட்டது என்று வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரஷர் சரியாகிவிட்டது, இனிக் குளிசை வேண்டாம் என்று தானே நிறுத்துவதுதான் ஆபத்து. அது சரியாக இருப்பதே குளிசையால். அண்ணையும் இரண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு பெட்டியை முடித்துவிட்டு அப்படி நிறுத்தியவர்தான். வைத்தியசாலையில் கேட்டபோதுதான் அக்காவுக்கே தெரிந்தது.

கடைசியாக அந்தக் காஸ்ரிக். நடக்கும்போதோ ஏறும்போதோ நெஞ்சு இறுகி, நின்றால் விடுகிற வலி காஸ்ரிக்கைப் போலத் தெரியலாம், ஆனால் இஞ்சித் தண்ணி குடித்துவிட்டு விடும் விஷயமில்லை. தாமதிக்காமல் வைத்தியரிடம் போக வேண்டியது. ஓய்வில் வந்து விடாமல் நிற்கும் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ ஓடும் வலி, காரணமில்லாத குளிர்வேர்வை, மூச்சு முட்டல் என்றால் அந்த நிமிஷமே 1990 க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருத்திக் கொண்டு ஓடாதீர்கள், நோயாளி தானே ஓட்டிப் போகவும் விடாதீர்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பாக, குமட்டலாக வரலாம். உறைந்த இடத்தைத் திறக்கும் சிகிச்சை முதல் சில மணி நேரத்துக்குள் எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு தசை தப்பும்.

போன வெள்ளிக்கிழமை அண்ணை மறுபடி கோட்டை வாசலில் இருந்து ஏறினார். வைத்தியர் அனுமதித்த வேகத்தில், பின்னால் நானும் அக்காவும். அதே மரத்தடியில் நின்றார். நான் பதறிப்போய்க் கிட்ட ஓடினேன். ஒரு மான் பொலித்தீன் பையொன்றை மென்றுகொண்டிருந்தது. அதை மெல்ல இழுத்தெடுத்து, "கண்டதையெல்லாம் தின்னுதுகள்" என்று அலுத்துக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.